மேஜைமேல் காத்திருந்த ரத்தம்

“ஐயோ... நின்னுடுச்சா?”

நின்றேவிட்டது. போயும் போயும் இந்த நேரத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவில், ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது லிஃப்ட். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளே விளக்கு அழுது வடிந்தது. அவள் கையிலிருந்த ஐஸ்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் இருந்தது, சற்று முன்புதான் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் எடுத்த ரத்தம்.

கூட இருந்தது ஒரே ஒருவன். வெள்ளைக் கோட்டு. கையில் ஒரு தட்டு நிறைய கண்ணாடி ஸ்லைடுகள். சும்மா சொல்லக்கூடாது... கண்கள் நன்றாகத்தான் இருந்தன. மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்து, ஈரமாய்... ஆனால் அந்தக் கண்களைச் சுற்றி வட்டமாய் ஒரு சிவப்புத் தடம்! யாரோ டம்ளரைக் கவிழ்த்து அழுத்திய மாதிரி. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“என்னங்க முணுமுணுக்கிறீங்க? மந்திரமா?”

“இல்லீங்க... எண்ணுறேன். பயம் வந்தா எண்ணுவேன்.”

“நல்லா இருக்கு போங்க! நானே இங்க பதறிக்கிட்டிருக்கேன்...”

“உங்களுக்கும் லிஃப்ட்னா பயமா?”

“எனக்கு என்ன பயம்? என் டியூபை நினைச்சுத்தான்! இதைச் சீக்கிரம் மெஷின்ல போட்டுச் சுத்தணும். சும்மா நின்னா ரத்தத்துல இருக்கிற தட்டணுக்கள் உள்ள வெச்சிருக்கிறதையெல்லாம் வெளிய கொட்டிடும். அப்புறம் ரத்தம் வாய் கூசாம பொய் சொல்லும்.”

“ரத்தம் கூடவா பொய் சொல்லும்?”

“நாம நிக்க வெச்சா சொல்லும்.”

அவன் ஸ்லைடுத் தட்டைத் தரையில் வைத்தான். ஒரு கையால் அபாய மணியை விடாமல் அழுத்தினான். மறு கையால் அவளுடைய பெட்டியின் அடுத்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். “லிஃப்ட் கிளம்பும்போது தூக்கிப் போடும்... ரெண்டு பேரும் பிடிச்சா ஆடாது.” சொன்னபடியே தூக்கிப் போட்டது. பெட்டி ஆடவில்லை. அவள் மனசுதான் கொஞ்சம் ஆடிவிட்டது.

கதவு திறந்ததும் விழுந்தடித்து ஓடினாள். நன்றிகூடச் சொல்லவில்லையே என்று நினைவு வந்தபோது மெஷின் சுற்றத் தொடங்கியிருந்தது.

மறுநாள் பெரிய டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். உள்ளே போனால்... அதே வட்டத் தடம், அதே கண்கள்!

“இவர் பேத்தாலஜி டாக்டர். நம்ம ஆராய்ச்சிக்குப் புதுசா வந்திருக்கார். கட்டியிலிருந்து எடுத்த துண்டுகளை மைக்ரோஸ்கோப்ல பார்த்து, புதுசா முளைச்ச ரத்தக் குழாய்களை எண்ணுவார். நீ ரத்தத்துல அளவு பார்க்கிற பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு கண்டிஷன்...”

ஆராய்ச்சி இதுதான். மார்பில் ஒரு கட்டி, கடுகளவு இருக்கிற வரைக்கும் சத்தமில்லாமல் இருக்கும். அதற்கு மேல் வளர்ந்தால் பசிக்கும். உடனே ‘எனக்குக் குழாய் போடு’ என்று ரத்தத்தில் ஆள் அனுப்பும். அந்த ஆளுக்குப் பெயர் வளர்ச்சிக் காரணி. அதன் பேச்சைக் கேட்டு, பக்கத்து ரத்தக் குழாய்களெல்லாம் கிளைவிட்டுக் கட்டியை நோக்கி ஓடும். யாரையும் கேட்காமல் பொதுக் குழாயிலிருந்து தன் வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கிற ஆசாமி மாதிரி! ரத்தத்தில் அந்தக் காரணி கூடியிருந்தால் கட்டியிலும் குழாய்கள் கூடியிருக்குமா? அதைத்தான் பார்க்கிறார்கள். ரத்தத்தில் அளவு மிகுந்தவர்களுக்கு, குழாய் முளைப்பதைத் தடுக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

“ரத்தம் பார்க்கிறவ கட்டியைப் பார்க்கக்கூடாது. கட்டியைப் பார்க்கிறவர் ரத்த அளவைத் தெரிஞ்சுக்கக்கூடாது. தெரிஞ்சா கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி எண்ணும். அதனால மீட்டிங் வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கக்கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. அவளுக்கு வேலையைப் பற்றித்தான் பேசக்கூடாது என்று புரிந்தது. அந்த மகானுக்கு எதைப் பற்றியுமே பேசக்கூடாது என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது! வராண்டாவில் எதிரே வந்தால் சுவரை ஒட்டிப் போவான். ‘குட்மார்னிங்’ என்றால் தலையை ஆட்டிவிட்டு ஓடுவான். அவன் அறைக்கும் அவள் லேபுக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடித் தடுப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டிருப்பான். லேபில் எல்லோரும் அவனுக்கு ‘முணுமுணு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஏற்கெனவே ‘ஐஸ்பெட்டி’ என்று பெயர்.

“ரொம்பத்தான் ராங்கி அண்ணி அவருக்கு,” என்று மாடிப்படியில் நின்றபடி அண்ணியிடம் போனில் பொரிந்தாள்.

“யாருடி அது? தினமும் ஒருத்தரைப் பத்தியே திட்டுறியே... சரியில்லையே!”

“சும்மா இருங்க அண்ணி!” என்று சிரித்தாள். ஆனால் காது சூடாகிவிட்டது.

இந்த அழகில்தான் அந்த அம்மணி வந்து சேர்ந்தாள்.

குழாய்களை ஒருவர் மட்டும் எண்ணினால் போதாதாம். இரண்டு பேர் எண்ணி ஒத்துப்போக வேண்டுமாம். அதற்காக ஒரு இளம் டாக்டர் வந்தாள். பார்க்க லட்சணம். எதற்கெடுத்தாலும் கலகலவென்று சிரிப்பு. இவள் மனசுக்குள் அந்தப் பெண்ணுக்குக் ‘கலகலா’ என்று பெயர் வைத்தாள். அன்போடு வைத்த பெயர் இல்லை!

கூடவே ஒரு புது மைக்ரோஸ்கோப்பும் வந்தது. இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப். எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரே துண்டை ஒரே நேரத்தில் பார்க்கலாம். முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரம். இவன் ஒரு சின்ன அம்புக்குறியை நகர்த்தி ‘இது?’ என்பான். கலகலா ‘ம்ம்’ என்பாள். இருவர் கண்ணுக்குள்ளும் ஒரே வட்டம், ஒரே வெளிச்சம், அதற்குள் பழுப்பு நிறத்தில் மினுங்குகிற அதே குழாய்கள்...

அந்த எதிர் நாற்காலியில் இவளால் மட்டும் உட்காரவே முடியாது. ஊரில் இருக்கிற எல்லோரும் உட்காரலாம். ரத்தம் பார்க்கிறவள் மட்டும் உட்காரக்கூடாது. அவளுக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சலா அது! சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டால் இந்தப் பக்கம் இவள் ஸ்டாண்டை ‘டங்’கென்று வைத்தாள்.

“ஏண்டி, அவங்க வேலை பார்க்கிறாங்க. உனக்கு என்ன வந்துச்சு?” என்றாள் அண்ணி.

“எனக்கு ஒண்ணும் வரல.”

“ஒண்ணும் வராதவ ஏன் மூக்கை உறிஞ்சுற?”

போனை வைத்துவிட்டாள்.

ஒருநாள் காலை வார்டில், நோயாளியாக வந்திருந்த ஒரு தையல் டீச்சருக்கு ரத்தம் எடுத்தாள். வாய் ஓயாத அம்மாள். பயாப்ஸிக்காகக் கட்டியில் துண்டு எடுத்த இடத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நகைச்சுவைக்குக் குறைவில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

“என் ரத்தத்துல என்னதான் கண்ணு தேடுற?”

“உங்க கட்டி எவ்வளவு சத்தம் போடுதுன்னு பார்க்கிறேன் டீச்சர்.”

“அது சத்தம் போட்டா என்ன, நான் அதைவிடப் பெரிய குரல்காரி. முப்பது பிள்ளைங்களை ஒரே அதட்டுல உட்கார வெச்சவ!”

சிரித்துக்கொண்டேதான் லேபுக்குள் வந்தாள். டியூப்களை மேஜைமேல் இருந்த ஸ்டாண்டில் நிறுத்தினாள். மெஷினைத் திறக்கக் கை நீட்டினாள்... கண் மட்டும் கண்ணாடிப் பக்கம் போய்விட்டது.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முணுமுணுவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, வெட்கப்பட்டு, முகம் சிவக்கச் சிரித்தான். கலகலா எழுந்து வந்து அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்...

அவ்வளவுதான். இவள் சிலையாகிவிட்டாள். கலகலா என்ன சொல்லியிருப்பாள்? எதற்கு வெட்கம்? எனக்கு ஒரு குட்மார்னிங் சொல்ல நாக்கு எழவில்லை... அவளிடம் மட்டும் இத்தனை சிரிப்பா? எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. யாரோ கதவைச் சாத்திய சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினாள். டியூப்கள் மேஜைமேல் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

‘கொஞ்ச நேரம்தானே... ஒண்ணும் ஆகியிருக்காது,’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவசர அவசரமாக மெஷினில் போட்டாள். அது கொஞ்ச நேரமில்லை என்று அவள் மனசுக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வந்து பார்த்தால்... கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து! ஒரு இடுக்கு விடாமல்!

ஓஹோ... பார்க்கக்கூடாதாம். தொந்தரவாக இருக்கிறதாம் துரைக்கு! அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காகிதத்துக்குப் பின்னாலிருந்து வந்த கலகலச் சிரிப்பைக் கேட்டபடி ஆளுக்கொரு சின்னக் குழி இருக்கிற அளவுத் தட்டில் நிறம் காட்டும் மருந்தை ஊற்றினாள். காரணி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் குழியில் மஞ்சள் ஏறும். டீச்சரின் குழி பொன்னாய் மஞ்சளித்தது. அன்றைக்கு நின்ற மற்ற டியூப்களும் கொஞ்சம் கூடுதல்தான். ஒரு கணம் உறுத்தியது. உறுத்தலை அப்படியே விழுங்கிவிட்டாள்.

மீட்டிங் நடந்தது. டாக்டரம்மா இரண்டு பக்கத்து எண்களையும் சேர்த்துத் திறந்தார். புருவம் சுருங்கியது.

“இந்தத் தையல் டீச்சருக்கு ரத்தத்துல காரணி எக்கச்சக்கம். ஆனா கட்டியில குழாய் ரொம்பக் கம்மின்னு எண்ணியிருக்கீங்க. எங்கேயோ இடிக்குதே... யார் பக்கம் தப்பு?”

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பொறாமை விட்டால்தானே!

“எண்ணுறவங்க கவனம் எண்ணுறதுல இருந்தா சரியா வந்திருக்கும் மேடம். அரட்டை அடிச்சுக்கிட்டு எண்ணினா எப்படி?”

கலகலாவின் சிரிப்பு நின்றது. அவன் மெதுவாக நிமிர்ந்து இவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அடிபட்ட பிள்ளை மாதிரி பார்த்தான்.

“நான்... மறுபடி எண்ணுறேன் மேடம்,” என்றான்.

“எண்ணுங்க. ஆனா விதிப்படி ரத்த அளவுதான் முடிவு. திங்கட்கிழமை அந்த அம்மாவுக்குக் குழாய் தடுக்கிற மருந்தைச் சேர்த்துடலாம்.”

ஜெயித்தவள் அவள்தான். ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல் முதல் ஆளாக எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் வார்டில் டீச்சர் அவளைக் கையாட்டிக் கூப்பிட்டார். அன்றைக்குக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“எனக்கு இன்னொரு மருந்தும் ஏத்தப் போறாங்களாமே கண்ணு... பிரஷர் ஏறும், ரத்தக் கசிவு வரலாம், காயம் சீக்கிரம் ஆறாதுன்னு சொன்னாங்க. கேட்டுட்டு ராத்திரி தூக்கமே இல்ல. ஆனா என் ரத்தமே சொல்லியிருக்கு, வேணும்னு. நீதானே பார்த்த? நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்.”

நெஞ்சில் யாரோ குத்தின மாதிரி இருந்தது. இந்த அம்மாளின் ரத்தம் எதுவும் சொல்லவில்லை. இவள் பொறாமைதான் சொன்னது! மேஜைமேல் நிற்க வைத்து, தட்டணுக்களில் இருந்த காரணியைக் கொட்ட வைத்து... இல்லாததைச் சொன்னது. திங்கட்கிழமை ஒரு ஊசி ஏறும். வேண்டாத ஊசி. டீச்சரின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தாள்.

அங்கே அவனும் கலகலாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் கண்களைச் சுற்றித் தடம் கன்றிப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து எண்ணியிருக்கிறான். “மறுபடியும் அதே கணக்குத்தான் மேடம். கம்மிதான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான். குரலில் தன்மேலேயே நம்பிக்கை இல்லை.

“அவர் எண்ணினது சரி மேடம்,” என்றாள் அவள். “என் பக்கம்தான் தப்பு. அன்னிக்கு எல்லா டியூபும் மேஜைமேல ரொம்ப நேரம் நின்னுடுச்சு. நான் சொல்லாம மறைச்சுட்டேன்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “ஏன் நின்னுச்சு? மெஷின் மக்கர் பண்ணுச்சா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் தப்பும். அவரே எடுத்துக் கொடுக்கிறார்! இன்னொரு பொய்யா? மெஷின் மேலே பழி போட்டால் மெஷினைச் சந்தேகிப்பார்கள். மற்ற நாள்களின் ரத்தத்தையும் சந்தேகிப்பார்கள். எல்லாம் வீணாகும்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். நான்தான்... கண்ணாடி வழியா இவரைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்.”

“எதுக்கு?”

“இவங்ககூட சிரிச்சுக்கிட்டிருந்தார். எனக்குத் தாங்கல.”

சொல்லியே விட்டாள்! பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. கலகலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சட்டென்று இவள் பக்கம் திரும்பினான். டாக்டரம்மா மட்டும் அசையவில்லை.

“அன்னிக்கு எடுத்த எல்லார்கிட்டயும் போய் உண்மையைச் சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்துட்டு வா. அந்த அம்மாவுக்கு மருந்தை நிறுத்தி வெக்கிறேன். அதுக்கப்புறம் இந்த ஆராய்ச்சியில நீ ரத்தத்தைத் தொடக்கூடாது. வேற ஆள் பார்த்துக்கட்டும்.”

“சரிங்க மேடம்.”

“உண்மையைச் சொன்னியே... அதனால லேப்ல இருக்க.”

டீச்சரிடம் சொல்லத்தான் அதிகக் கஷ்டமாக இருந்தது. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். “என் ரத்தத்தை நிக்க வெச்சுட்டு ஆம்பளையைப் பார்த்தியா?” என்றார். “என் கிளாஸ்ல இருந்திருந்தா முட்டி போட வெச்சிருப்பேன்.” ஆனாலும் கையை நீட்டினார். “எடு. இந்தத் தடவை எங்கேயும் பார்க்காம ஓடு.”

ஓடினாள்.

தட்டில் மஞ்சள் ஏறும் நாள் வந்தது. புது ஆளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். டீச்சரின் குழி... ஏறவே இல்லை. தண்ணீருக்கு மஞ்சள் காட்டின மாதிரி லேசாய் வெளுத்துக் கிடந்தது. அவன் எண்ணினது சரி! அந்த மருந்து டீச்சருக்குத் தேவையில்லை! கண்ணைத் துடைத்துக்கொண்டு, யோசிக்காமல் போய் அவன் அறைக் கதவைத் தட்டினாள்.

கலகலாதான் திறந்தாள். இவளைப் பார்த்ததும், “எனக்குக் கேன்டீன்ல அவசர வேலை இருக்கு,” என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

அவன் எழுந்து நின்றான். முகம் இறுகித்தான் இருந்தது.

“உங்க எண்ணிக்கை சரி,” என்றாள். “ரத்தமும் அதையேதான் சொல்லுது. எல்லார் முன்னாடியும் உங்களைக் கவனமில்லாதவர்னு சொன்னேன். மன்னிச்சுடுங்க.”

“ரெண்டு நாளா என் கண்ணையே நான் நம்பல, தெரியுமா?” என்றான் மெதுவாக. “எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை எண்ணுறதுதான். அதையும் பிடுங்கிட்டீங்களேன்னு இருந்துச்சு.”

அழுதாள். மழை வேறு ஜன்னலில் அடித்தது.

“அழாதீங்க... அன்னிக்கு நான் ஏன் சிரிச்சேன்னு கேக்கலையே?”

“எனக்கு எதுக்கு?” மூக்கை உறிஞ்சினாள். “...ஏன் சிரிச்சீங்க?”

“நான் எண்ணின துண்டையே மறுபடி மறுபடி எண்ணிக்கிட்டிருந்தேன். ‘பார்வை இங்க இருந்தா எண்ணிக்கை நிக்கும், பக்கத்து ரூம்ல இருந்தா எப்படி நிக்கும்’னு கேட்டு அவங்க தலையில குட்டுனாங்க. அன்னிக்குச் சாயந்திரமே காகிதம் வாங்கிட்டு வந்து கண்ணாடியை மூடினேன். இல்லேன்னா என்னால வேலை பார்க்க முடியாதுங்க...”

அவள் வாயைப் பிளந்தாள். “அப்போ... என்னைப் பார்த்தா ஏன் ஓடுனீங்க?”

“பேசினா எல்லாத்தையும் உளறிடுவேன். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது.” கொஞ்சம் தயங்கினான். “நீங்க மட்டும் மாடிப்படியில நின்னு தினமும் யார்கிட்டயோ போன்ல அப்படிச் சிரிப்பீங்க. அது யாருன்னு தெரியாம எனக்கும் சாப்பாடு இறங்கல.”

“அது எங்க அண்ணி!”

“அண்ணியா?” அவன் மூச்சை விட்டான். “அண்ணிகிட்ட யாராவது தினமும் அவ்வளவு பேசுவாங்களா?”

“உங்களைத் திட்டத்தான்!”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அவனைப் பார்த்தாள்.

“ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நான் பொறாமைக்காரி. இன்னிக்கு அழுதுட்டதால நாளைக்கு மாறிடுவேன்னு நினைக்காதீங்க. நாளைக்கும் அவங்க உங்க எதிர்ல உட்காருவாங்க, நாளைக்கும் எனக்கு எரியும். இதோட என்னை ஏத்துக்க முடியுமா?”

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்கள் நிறைந்திருந்தன.

“எரிஞ்சா மறைக்காதீங்க. கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டு, நேரா இங்க வந்து என்கிட்ட சண்டை போடுங்க.”

“நிச்சயமா வந்து போடுவேன்.”

“வாங்க,” என்றான். “தினமும் வா.”